ஊனுண்ணி விலங்குகளைக் காக்கச் சட்டம் கேட்கிறோம்: மனுவில் என்ன எழுதுவது?

வேங்கைமரம் (இழையைத் தொடங்கியவர்)

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம். ஓநாய், நரி, சிறுத்தை, கரடி, காட்டுப்பூனை என்று ஊன் தின்னும் காட்டு விலங்குகளை வேட்டையிலிருந்தும் சித்திரவதையிலிருந்தும் காப்பாற்றத் தனிச் சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. இப்போதைக்கு வரைவில் மூன்றே வரி இருக்கிறது: எல்லா ஊனுண்ணிகளையும் வேட்டையாடத் தடை, மீறினால் கடும் தண்டனை, உடனடி அமல். கையெழுத்து வேட்டையில் இறங்குவதற்கு முன்னால் இங்கே போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. எந்த நாட்டு அனுபவமானாலும் சொல்லுங்கள். கிழிப்பதாக இருந்தால் இப்போதே கிழித்துவிடுங்கள்.

அவசரக்குடுக்கை

முதல் கையெழுத்து என்னுடையது. இணைப்பு எங்கே?

சட்டப்புள்ளி

குடுக்கை, கொஞ்சம் பொறுங்கள்.

வேங்கைமரம், இந்த மூன்று வரியை எந்த அரசும் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொள்ளும். அதில் அவர்களைக் கட்டிப்போடுகிற மாதிரி எதுவும் இல்லை. வேட்டை என்பதில் என்னென்ன அடங்கும் என்று நீங்கள் எழுதாவிட்டால், அதைப் பிறகு வேட்டைக்காரரின் வழக்கறிஞர் எழுதுவார்.

இந்தியாவின் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். கொல்வது மட்டும் அங்கே வேட்டை அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கான முயற்சி எல்லாமே வேட்டைதான். கண்ணியோடு பிடிபட்டவர் "நான் எதையும் கொல்லவில்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது.

இங்கிலாந்து, வேல்ஸுக்கான 2004 வேட்டைச் சட்டம் வேறு மாதிரி. நாய்களை ஏவி காட்டுப் பாலூட்டிகளை வேட்டையாடுவது குற்றம் என்றது. உடனே வேட்டைக் குழுக்கள் தடய வேட்டை என்று ஒன்றை ஆரம்பித்தன. முன்கூட்டியே தரையில் இட்டு வைத்த மணத்தைத்தான் நாய்கள் பின்தொடர்கின்றன என்பது கணக்கு. நடுவில் நிஜ நரி ஒன்று கிளம்பி நாய்கள் அதன் பின்னால் ஓடினால் அது தற்செயல். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நிரூபிக்கும் பாடு காவல்துறையினுடையது. ஸ்காட்லாந்து இதில் முந்திக்கொண்டு 2002இலேயே சட்டம் போட்டது, அதிலும் ஓட்டை. அடைக்க 2023இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. தடய வேட்டையையே தடை செய்தது அந்த இரண்டாவது சட்டம்தான். ஒரு தெளிவான பத்தி எழுதாததற்கு 21 ஆண்டு.

கணக்கன்

சட்டப்புள்ளி சொன்னதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். எதைத் தடை செய்யச் சொல்கிறோம்? விலங்கைக் கொல்வதையா, கொல்லும் முறையையா?

அமெரிக்காவின் கொலராடோ இதற்கு நல்ல பாடம். அங்கே போதுமான கையெழுத்து சேர்த்தால் குடிமக்களே ஒரு சட்டத்தைத் தேர்தல் வாக்குச்சீட்டில் ஏற்றலாம். 1992இல் கரடிகளை வசந்த காலத்தில் சுடுவது, இரை கொட்டி வரவழைத்துச் சுடுவது, நாய்களை விட்டு மரத்தில் ஏற்றிச் சுடுவது மூன்றையும் நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். சுமார் 70 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். வசந்த காலம் என்றால் தாய்க்கரடி குட்டிகளோடு இருக்கும் காலம், தாயைச் சுட்டால் குட்டிகளும் போச்சு. யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1996இல் கால்பிடிப் பொறி, கண்ணி, விஷம் ஆகியவற்றுக்குத் தடை கேட்டார்கள். நெருக்கமாக இருந்தாலும் அதுவும் வென்றது. 2024இல் பியூமா, பாப்கேட், லின்க்ஸ் என்ற மூன்று வகைக் காட்டுப் பூனை இனங்களையும் வேட்டையாடவே கூடாது என்று கேட்டார்கள். சுமார் 55 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். எதிரணியின் வாதம் ஒன்றேதான்: எத்தனை விலங்கு இருக்க வேண்டும் என்பதை உயிரியலாளர்கள் முடிவு செய்யட்டும், வாக்குச்சீட்டு வேண்டாம்.

இதை வைத்து, முறையைக் கேட்டால் ஜெயிக்கும், முழுத் தடை கேட்டால் தோற்கும் என்று விதி எழுதிவிட முடியாது. மெய்ன் மாநிலத்தில் கரடிக்கு இரை வைக்கும் முறையை எதிர்த்து 2004, 2014 இரண்டு முறை கேட்டார்கள், இரண்டு முறையும் தோற்றார்கள். கலிபோர்னியா 1990இல் பியூமா வேட்டைக்கு முழுத் தடை கேட்டு வென்றது. ஆனால் அந்நியரிடம் ஒரே நிமிடத்தில் ஆதரவு கேட்க வேண்டுமென்றால் நான் முறையைப் பற்றித்தான் பேசுவேன்.

இராப்பறவை

முறை என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் ஒரு காட்டுயிர் மீட்புக் குழுவோடு இருந்தவள். பொறி என்று எழுதிவிட்டுப் போகிறோம், அது என்ன செய்யும் என்று மனுவில் இருக்க வேண்டும்.

சுருக்குக் கண்ணி என்பது பல நேரம் சைக்கிள் பிரேக் கம்பிதான். ஒரு முனையை வேரில் கட்டி, மறு முனையைச் சுருக்காக்கி, விலங்கு தலை நுழைக்கும் உயரத்தில் புதர்ப் பாதையில் தொங்க விடுவார்கள். பன்றிக்கு வைத்தது என்பார்கள். சிறுத்தை தலையை நுழைத்து, முன்கால்களும் தாண்டிவிட்டால் சுருக்கு இடுப்பில் இறுகும். முன்னே இழுக்க இழுக்க இன்னும் இறுகும், தளர்வதற்கு வழியே கிடையாது. மயக்க ஊசி போட்டு விடுவிக்கும்போது உயிரோடு இருக்கும், நடக்கக்கூடச் செய்யும். ஆனால் உள்ளே உறுப்புகள் நசுங்கியிருக்கும். நன்றாக இருக்கிறது என்று நம்பிக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் பிறகு சடலம்தான் கிடைக்கும்.

கால்பிடிப் பொறியில் இரண்டு இரும்புத் தாடை, நடுவில் ஒரு தட்டு. தட்டில் கால் பட்டதும் தாடை மூடிக்கொள்ளும். அது கொல்லாது. வைத்தவர் வந்து கொல்லும் வரை பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் சில மாநிலங்களில் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி. ஐடஹோ மாதிரி இடங்களில் 72 மணி நேரம். தாகத்தோடும் குளிரோடும் மூன்று நாள். ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பொறியின் பயன்பாட்டையே 1995இலிருந்து தடை செய்துவிட்டது. வேல்ஸ் 2023இல் கண்ணியைத் தடை செய்தது, ஸ்காட்லாந்து 2024இல்.

பட்டிக்காரன்

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஆடு வளர்ப்பவன். இங்கே எல்லோரும் விலங்குக்கு வலிக்கும் என்கிறீர்கள், மறுக்கவில்லை. பட்டிக்குள் ஒரு சிறுத்தை இறங்கினால் பசிக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகாது. அடைத்து வைத்த ஆடுகள் ஓட வழியில்லாமல் முட்டிமோதும், அது கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் போடும். விடிந்து பார்த்தால் தின்றது பாதி ஆடு, செத்தது வரிசையாகக் கிடக்கும். அந்த வருஷ வருமானம் அது. இழப்பீடு கேட்டு எழுதிக்கொடுத்தால், நாய் கடித்ததா சிறுத்தை கடித்ததா என்று பார்க்க ஆள் வருவதற்குள் சடலம் அழுகிப்போகும். அழுகினால் சான்று இல்லை, சான்று இல்லையென்றால் பணம் இல்லை.

உங்கள் மனுவில் என் பெயர் எங்கே இருக்கிறது? தண்டனை வாங்குகிறவனாக மட்டும்தானே?

அவசரக்குடுக்கை

காட்டுக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்தால் அப்படித்தான் ஆகும், அதற்கு விலங்கு என்ன செய்யும்?

நிலாப்பாதை

குடுக்கை, இந்தத் தொனியால்தான் பாதி மனுக்கள் ஊர்ப்பக்கம் தோற்கின்றன. பட்டிக்காரன் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி.

2020இல் அதே கொலராடோவில் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவரும் கோரிக்கை வாக்குக்கு வந்தது. ஜெயித்தது 50.9 சதவீதத்தில், நூலிழைதான். நகரங்கள் ஆதரித்தன, ஓநாய் போய் இறங்கப்போகும் மாவட்டங்கள் பெரும்பாலும் எதிர்த்தன. ஆனால் அந்தச் சட்டத்தின் உள்ளேயே, ஓநாயால் கால்நடை போனால் உரிமையாளருக்கு நியாயமான இழப்பீடு என்று எழுதியிருந்தார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடவில்லை. 2023 டிசம்பரில் முதல் 10 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. இருந்தாலும் இழப்பீடு என்பது அங்கே உரிமை, யாரும் போடும் பிச்சை இல்லை.

அண்ணனுக்கு இன்னொரு செய்தி. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2013 ஆய்வு ஒன்று, பியூமாவை அதிகமாகச் சுட்டால் அடுத்த ஆண்டு புகார்களும் கால்நடைத் தாக்குதல்களும் கூடுகின்றன என்று காட்டியது. எல்லையைப் பிடித்து வைத்திருக்கும் வயதான ஆண் போய்விட்டால், இளவட்டங்கள் உள்ளே வருகின்றன, வம்பு அவைகளால்தான் வருகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். சுட்டால் பட்டி பத்திரம் என்பது அவ்வளவு உறுதி இல்லை.

பட்டிக்காரன்

ஆய்வு இருக்கட்டும் தம்பி. செத்த ஆட்டுக்குப் பதில் என்ன, எத்தனை நாளில்? அதைத்தான் கேட்கிறேன்.

சட்டப்புள்ளி

அதற்கு வருகிறேன். அதற்கு முன் எல்லோரும் மறந்துபோகும் ஒன்று: சட்டம் வந்த பிறகு அதை யார் பிரிக்க முடியும்?

அலாஸ்காவில் 1996இல் மக்கள் வாக்களித்து ஒரு வழக்கத்தை நிறுத்தினார்கள். விமானத்தில் பறந்து ஓநாயைக் கண்டுபிடித்து, அன்றைக்கே இறங்கிச் சுடும் வழக்கம். ஆனால் மக்கள் போட்ட சட்டத்தை இரண்டு ஆண்டு கழித்துச் சட்டமன்றம் ரத்து செய்யலாம் என்பது அந்த மாநில அரசியலமைப்பு. சட்டமன்றம் தளர்த்தியது. 2000இல் மக்கள் மறுபடி வாக்களித்து அதைத் தள்ளினார்கள். 2003இல் சட்டமன்றம் மறுபடி அனுமதித்தது. 2008இல் மூன்றாவது முறை மக்களிடம் போனார்கள், அந்தத் தடவை தோற்றார்கள். களைத்துப்போக மாட்டார்களா?

கலிபோர்னியாவின் 1990 சட்டம் பியூமாவைத் தனிப் பாதுகாப்புள்ள பாலூட்டி ஆக்கியதோடு, அதைத் திருத்தச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் ஐந்தில் நான்கு பங்கு ஆதரவு வேண்டும் என்று பூட்டும் போட்டது. 1994இல் அங்கே பியூமா தாக்கி இரண்டு பெண்கள் இறந்தார்கள். நாடே கொதித்த நேரம். 1996இல் அந்தப் பாதுகாப்பை எடுக்க மக்கள் வாக்கெடுப்புக்குப் போனார்கள், மக்கள் மறுத்துவிட்டார்கள். பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் 1994லேயே சட்டமன்றத்தில் கதை முடிந்திருக்கும் என்பது என் ஊகம்.

சுவிட்சர்லாந்து இன்னும் வேடிக்கை. ஓநாயைச் சுடுவதை எளிதாக்கும் திருத்தத்தை 2020 செப்டம்பரில் மக்கள் வாக்களித்து நிராகரித்தார்கள், எதிர்ப்பு சுமார் 52 சதவீதம். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறொரு திருத்தத்தை நிறைவேற்றியது. 2023 டிசம்பரில், ஓநாய் சேதம் செய்வதற்கு முன்பே சுடும் வேலை தொடங்கிவிட்டது.

அவசரக்குடுக்கை

அப்போ கையெழுத்துக்கு என்னதான் மதிப்பு? 2012இல் இங்கிலாந்தில் பேட்ஜர் என்ற வளை தோண்டி வாழும் காட்டு விலங்கைக் கொல்ல வேண்டாம் என்று இசைக்கலைஞர் பிரையன் மே முன்னின்று நடத்திய மனுவில் 3 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. அப்புறம் 2013இலேயே சுட ஆரம்பித்துவிட்டார்கள். இதுவரை 2 லட்சத்துக்கும் மேல் போயாகிவிட்டது. பேட்ஜருக்கென்றே தனிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாடு அது!

சட்டப்புள்ளி

நல்ல உதாரணம் குடுக்கை. 1992 பேட்ஜர் பாதுகாப்புச் சட்டத்தில் நோய் பரவுவதைத் தடுக்க உரிமம் கொடுத்துக் கொல்லலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. பேட்ஜர்கள் மாட்டுக்குக் காசநோயைப் பரப்புகின்றன என்பதைக் காட்டி அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். சட்டத்தை யாரும் மீறவில்லை. விலக்குப் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கணக்கன்

கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, அது எந்தக் கதவைத் தட்டுகிறது என்பதைப் பொறுத்து. பிரிட்டன் நாடாளுமன்ற இணைய மனுவில் ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பதைப் பரிசீலிப்பார்கள். பேசுவார்கள், அதோடு சரி. கோஸ்டா ரிகாவில் குடிமக்கள் சட்ட மசோதாவையே கொண்டுவரலாம். பொழுதுபோக்கு வேட்டைக்குத் தடை கேட்டு 1,77,000 பேர் கையெழுத்திட்டார்கள், 2012 டிசம்பரில் அது சட்டமானது. ஜாகுவாரும் பியூமாவும் இருக்கும் நாடு. குடிமக்கள் முன்மொழிந்து அங்கே சட்டமான முதல் மசோதா அதுதான். பிழைப்புக்காக வேட்டையாடுவதற்கு அதில் விலக்கு கொடுத்தார்கள், அதனால் ஏழைக்கு எதிரான சட்டம் என்ற பேச்சு எடுபடவில்லை என்று நினைக்கிறேன்.

நிலாப்பாதை

எண்ணிக்கையே இல்லாமலும் நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவை ஒட்டி வசித்த ஒருவர், தன் சொந்த நிலத்தில் யாரோ பாப்கேட் பொறி வைத்திருப்பதைக் கண்டார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. தோலின் விலை ஏறியிருந்த நேரம், பூங்காவின் விளிம்பெல்லாம் பொறி. அக்கம்பக்கத்தார் கூடிப் பேசினார்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது, 2013இல் பாப்கேட் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பூங்காக்களைச் சுற்றி மட்டும் தடுத்து, மீதியை வேட்டை, மீன்வள ஆணையத்திடம் விட்டிருந்தது. ஆட்கள் அதோடு வீட்டுக்குப் போகவில்லை. ஆணையக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தார்கள். 2015இல் 3க்கு 2 என்ற வாக்கில் மாநிலம் முழுக்கப் பாப்கேட் பொறிக்குத் தடை. ஒரு வாக்கு மாறியிருந்தால் இல்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இப்படித்தான். 2017 ஆகஸ்டில் அரசு, தலையையும் தோலையும் வெற்றிச் சின்னமாக எடுத்துப்போக கிரிஸ்லி கரடியைச் சுடுவது நிற்கும், இறைச்சிக்காகச் சுடலாம் என்றது. இறைச்சியைத் தூக்கிக்கொண்டு தலையை மட்டும் விட்டுவிட்டு வருவாரா யாராவது? கருத்துக் கேட்டபோது வந்தவற்றில் பெரும்பகுதி முழுதாக நிறுத்து என்றுதான் சொன்னது. டிசம்பரில் முழுத் தடை, அந்த நிலத்தின் முதற்குடிகளுக்கு மட்டும் விலக்கு.

ஆணையத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் மாநிலம். 1996இல் பியூமாவை நாய் விட்டு வேட்டையாடுவதை மக்கள் தடை செய்தார்கள். வேட்டைத்துறை உரிமக் கட்டணத்தைக் குறைத்து, பருவத்தை நீட்டித்தது. நாயில்லாத வேட்டைக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். முறை போனது, சாவு குறையவில்லை.

இராப்பறவை

தண்டனையைப் பற்றி யாரும் பேசவில்லையே. கடும் தண்டனை என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தச் சட்டத்தின் கீழ்?

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒருவர் பனி வண்டியால் ஓநாயை மோதி, காயப்பட்டதைக் கொல்லாமல் வாயை ஒட்டுநாடாவால் கட்டி, மதுக்கடைக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, பிறகு கொன்றார். முதலில் விதித்த அபராதம் 250 டாலர். அதுவும் உயிருள்ள காட்டு விலங்கை வைத்திருந்ததற்கு. வதைத்ததற்கு இல்லை. அந்த மாநிலத்தின் ஏறக்குறைய 85 சதவீதப் பரப்பில் ஓநாயை எப்போது வேண்டுமானாலும் உரிமமில்லாமல் கொல்லலாம். பல இடங்களில் விலங்கு வதைச் சட்டம் வீட்டு விலங்கை நினைத்து எழுதியது, காட்டு விலங்கு என்றதும் கழன்றுகொள்ளும். வேட்டைச் சட்டமோ எத்தனை, எப்போது என்று மட்டும் கேட்கும், எப்படி என்று கேட்காது. இரண்டுக்கும் நடுவில் அந்த ஓநாய்.

தொகையும் முக்கியம். இந்தியாவின் 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். 1960 விலையில் நின்றுபோனது. காட்டுயிர்ச் சட்டத்தில், மிகக் கூடுதல் பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலான முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கென்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டுச் சிறை. ஒரே செயல், எந்தச் சட்டத்தில் பதிகிறார்கள் என்பதை வைத்துத் தலைவிதி மாறும்.

சட்டப்புள்ளி

அதே இந்தியச் சட்டத்தின் 55ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. அதிகாரி வழக்குப் போடாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் முறையிடலாம். இந்த மாதிரி ஒரு பிரிவு உங்கள் வரைவில் கட்டாயம் இருக்கட்டும். துறை தூங்கினால் எழுப்ப வேறு வழி கிடையாது.

வேங்கைமரம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எங்கள் குழு உட்கார்ந்து புது வரைவு போட்டது. வேட்டை என்பதற்குள் கண்ணி, பொறி, விஷம், இரை வைத்தல், நாய் ஏவுதல், வண்டியால் துரத்துதல், இவற்றுக்கான முயற்சி எல்லாம் வந்துவிட்டன. காயப்படுத்திவிட்டு உயிரோடு வைத்திருப்பது தனிக் குற்றம். குடிமகன் வழக்குப் போடும் உரிமை உண்டு. கட்டணம், பருவம் இரண்டையும் துறை தன்னிஷ்டப்படி மாற்ற முடியாது, பொதுக் கருத்துக் கேட்க வேண்டும். திருத்துவதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு என்று கேட்கிறோம், கிடைக்குமா தெரியாது. இழப்பீடு சட்டத்துக்குள்ளேயே இருக்கும். பட்டிக்காரன் அண்ணா, இனி உங்கள் கையெழுத்தும் கிடைக்குமா?

பட்டிக்காரன்

இழப்பீடு என்று ஒரு வார்த்தை இருந்தால் போதாது. சடலத்தைப் பார்க்க ஆள் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும், வராவிட்டால் நான் எடுத்த புகைப்படம் சான்றாகுமா, பணம் எத்தனை நாளில், இந்த மூன்றும் இல்லாமல் நான் போட மாட்டேன். பட்டிக்கு உயரமான கூரை வேலி போட உதவி செய்தால் பாதிப் பிரச்சனை அங்கேயே தீர்ந்துவிடும், அதையும் சேருங்கள்.

விஷத்தைப் பற்றி நானே சொல்கிறேன். செத்த மாட்டில் பூச்சிமருந்தைத் தடவி வைக்கிறவர்கள் எங்கள் ஆட்களிலேயே உண்டு. அதைத் தின்று சிறுத்தை மட்டுமா சாகிறது? கழுகு சாகிறது, நாய் சாகிறது. அதற்குத் தண்டனை கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் ஆளையே அடிக்க ஆரம்பித்துவிட்ட விலங்கை என்ன செய்வது? உங்கள் வரைவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

சட்டப்புள்ளி

அண்ணன் கேட்பது சரி. விலக்கே இல்லாத சட்டம் முதல் மனித உயிர் போகும் அன்றைக்கே உடையும். விலக்கைக் குறுகலாக எழுத முடியும். இந்தியச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் அட்டவணை விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானது, அல்லது மீள முடியாதபடி நோயுற்றது என்றால்தான் பேச்சே. முடிவெடுப்பவர் மாநிலத் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளர் ஒருவர் மட்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று அவருக்கு நிச்சயமான பிறகுதான் கொல்ல உத்தரவிடலாம். இந்த நான்கு நிபந்தனையையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டிக்காரன்

எழுத்தில் உத்தரவு வர எத்தனை நாள் ஆகும்? அதுவரை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி அனுப்புவது?

வேங்கைமரம்

அந்த இடைவெளியில் ரோந்துக்கும் கூண்டுக்கும் யார் பொறுப்பு என்று ஒரு உட்பிரிவு எழுதலாம். அதை நாங்களே எழுதினால் மறுபடி நீங்கள் வந்து கிழிப்பீர்கள், அதனால் நீங்களே முதல் வடிவம் எழுதித் தாருங்கள் அண்ணா. மணி நேரம், நாள் கணக்கெல்லாம் உங்கள் அனுபவத்தில் எது நடக்குமோ அதைப் போடுங்கள். சட்டப்புள்ளி மொழியைச் சரிபார்ப்பார். அது வரும் வரை கையெழுத்துப் பக்கத்தைத் திறக்கப் போவதில்லை.

பட்டிக்காரன்

தட்டச்சு செய்ய நேரமாகும், குரலில் அனுப்புகிறேன். யாராவது எழுதிக்கொள்ளுங்கள்.

இராப்பறவை

அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.